விரலுக்கேத்த வீக்கம் வேணும்!



நம் கல்லூரி ஹாம் ரேடியோ மன்றத்தில் இந்த ஆண்டு முழுக்க ஒரே பேச்சு "நூறு வாட்" பேச்சுதான். கேன்டீனில் நூறு வாட், ஹாஸ்டல் மொட்டை மாடியில் நூறு வாட், பஸ் ஸ்டாப்பிலும் நூறு வாட்! இரண்டு வருஷச் சந்தாவும், கண்காட்சியில் மிஞ்சிய பணமும் சேர்ந்து மன்றத்தின் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. அதை அப்படியே கொண்டுபோய் ஒரு வி.எச்.எஃப். பவர் ஆம்ப்ளிஃபையரில் போட்டுவிட வேண்டும் என்பது பெரும்பாலான நண்பர்களின் ஆசை. "நூறு வாட் போட்டா தமிழ்நாடு பூரா நம்ம குரல் கேட்கும்டா மச்சான்!" என்கிறார்கள்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் என் கருத்து வேறு. முதலில் பவர் சப்ளை, அடுத்து கேபிள், அப்புறம்தான் ஆம்ப்ளிஃபையர். இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன். கணக்கு தப்பு என்றால் பொதுக்குழுவில் என்னை உட்கார வைத்துவிடுங்கள்!

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக இரண்டு வரி. ஹாம் ரேடியோ என்பது அரசு நடத்தும் தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காகவும் அவசர உதவிக்காகவும் ரேடியோவில் பேசுவது. நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அலைநீளம் சுமார் 2 மீட்டர் என்பதால் "2 மீட்டர் பேண்ட்" என்று பெயர். நம் மன்றத்தில் இருப்பது 25 வாட் செட். அதன் பின்னால் ஆம்ப்ளிஃபையர் மாட்டி 100 வாட் ஆக்க வேண்டும் என்பதுதான் பிரச்சனை.

நாலு மடங்கு வாட்... ஒரே ஒரு புள்ளி!

25 வாட்டை 100 வாட் ஆக்கினால் நாலு மடங்கு. டெசிபலில் சொன்னால் வெறும் 6. எதிர்ப்பக்கம் இருக்கும் ரேடியோவின் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி என்பதே 6 டெசிபல்தான். அதாவது நாம் இத்தனை செலவு பண்ணி, அந்தப் பக்கம் முள் ஒரு புள்ளி நகரும். அவ்வளவுதான் நண்பர்களே!

தூரம் கூடுமா என்றால், 2 மீட்டர் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகிற அலை. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். நம் ஆன்டெனா 15 மீட்டர், அந்தப் பக்கம் 9 மீட்டர் என்றால் சுமார் 28 கிலோமீட்டர். நம் ஆன்டெனாவை 25 மீட்டருக்கு ஏற்றினால் 33. இந்தச் சூத்திரத்தில் வாட் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், இருக்காது! கொஞ்சம் அலை வளைந்தும் சிதறியும் அப்பால் போகும், மறுக்கவில்லை. ஆனால் நடுவில் மலை நின்றால் நூறு வாட்டும் அதன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ரிப்பீட்டர்களை மலை உச்சியில் வைப்பது இதனால்தான். கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனா இருந்தால், அது ஒன்றுக்கு மட்டுமே 184 கிலோமீட்டர் வருகிறது.

இன்னொன்று. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2020 செப்டம்பரில் ஹாம்களுக்காக ஒரு ரிப்பீட்டர் இயங்கத் தொடங்கியது. நிலையம் பறப்பது தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அதைக் கையடக்க 5 வாட் செட்டும் சின்ன யாகி ஆன்டெனாவும் வைத்தே எட்டிப் பிடிக்கிறார்கள். நடுவில் மறைப்பு இல்லை, அவ்வளவுதான் ரகசியம்.

கேபிளில் கசியும் காசு

நம் ஆன்டெனாவிலிருந்து ரூமுக்கு இறங்கும் கேபிள் 30 மீட்டர், ஒல்லியான ஆர்.ஜி.-58 ரகம். 145 மெகாஹெர்ட்ஸில் அந்த நீளத்துக்குச் சுமார் 6 டெசிபல் அதிலேயே போய்விடும். 25 வாட் கிளம்பினால் மேலே போய்ச் சேர்வது 6 வாட் சொச்சம்! மீதி கேபிளைச் சூடாக்கவே சரி. அதே நீளத்துக்குத் தடிமனான ஆர்.ஜி.-213 போட்டால் இழப்பு 3 டெசிபலுக்கும் குறைவு. 13 வாட்டுக்கு மேல் ஆன்டெனாவுக்குப் போகும். ஆம்ப்ளிஃபையரே இல்லாமல் பவர் இரட்டிப்பு!

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நல்ல கேபிள் நாம் பேசுவதையும் கூட்டும், நமக்கு வருவதையும் கூட்டும். ஆம்ப்ளிஃபையர் பேச்சை மட்டும்தான் கூட்டும். வாய் பெரிசு, காது சின்னது என்று இருக்கும் நிலையங்களை ஹாம்கள் "முதலை" என்று கேலி செய்வது வழக்கம். நம் மன்றத்துக்கு அந்தப் பட்டம் தேவையா?

சரி, கரன்ட் எங்கே?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த ஆம்ப்ளிஃபையர்களின் திறன் தோராயமாக 50 சதவீதம் என்று வையுங்கள். 100 வாட் வெளியே வர 200 வாட் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 14.5 ஆம்பியர். ஓட்டிக் கொடுக்கும் 25 வாட் செட்டுக்கு இன்னொரு 6 ஆம்பியர் அளவு. மொத்தம் 20 ஆம்பியருக்கு மேல். நம்மிடம் இருப்பதோ, சீனியர் அண்ணன்கள் பிராஜெக்டாகச் செய்துவிட்டுப் போன 10 ஆம்பியர் சப்ளை! மாட்டு வண்டியில் லாரி லோடு ஏற்றுகிற கதைதான்.

புதுசாக வாங்கினாலும் கவனம் வேண்டும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் ஆம்பியர் வேறு, தொடர்ந்து எடுக்கக்கூடிய ஆம்பியர் வேறு. அமெரிக்காவின் ஆஸ்ட்ரான் சப்ளைகள் ஹாம்களிடையே பேர் பெற்றவை. அதில் ஆர்.எஸ்.-35ஏ என்ற மாடல் விட்டு விட்டு எடுத்தால் 35 ஆம்பியர், தொடர்ந்து எடுத்தால் 25 ஆம்பியர்தான். அந்தக் கம்பெனி இரண்டையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. பல பெட்டிகளில் பெரிய எண் மட்டும்தான் கண்ணில் படும். எஃப்.எம்.-மில் பேசும்போது பி.டி.டி.யை அழுத்தியது முதல் விடும் வரை முழு கரன்ட் ஓடும். பேசினாலும் ஓடும், மௌனமாக இருந்தாலும் ஓடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "தொடர்ந்து எத்தனை ஆம்பியர்?"

லீனியர் சப்ளையா, எஸ்.எம்.பி.எஸ்.ஸா?

இதில் நம் வகுப்பே இரண்டு கட்சி. டிரான்ஸ்ஃபார்மர், 723 ஐ.சி., 2என்3055 டிரான்சிஸ்டர்கள் என்று லேபில் நாம் கட்டும் லீனியர் சப்ளை எளிமையானது, ரேடியோவில் இரைச்சல் போடாது, ரிப்பேர் பண்ணுவதும் சுலபம். ஆனால் உள்ளே 20 வோல்ட் வந்து வெளியே 13.8 வோல்ட் போனால், மிச்சம் 6 வோல்ட்டுக்கு மேல் டிரான்சிஸ்டர்களில் விழும். 20 ஆம்பியர் எடுத்தால் 120 வாட்டுக்கும் மேல் சூடு! ஹீட் ஸிங்க் தோசைக்கல் ஆகிவிடும். 2என்3055-இன் டேட்டா ஷீட்டில் 115 வாட் என்று இருக்கிறதே என்பீர்கள். அது டிரான்சிஸ்டரின் கேஸ் 25 டிகிரியில் இருக்கும்போது. மே மாதம் நம் ஊரில் ரூமே 40 டிகிரி! நாலைந்து டிரான்சிஸ்டர்களைப் பேரலலாகப் போட்டு, ஒவ்வொரு எமிட்டரிலும் 0.1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால்தான் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

கிராமத்து மின்சாரமும் ஒரு தொல்லை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 170 வோல்ட் வந்தால், அந்த 20 வோல்ட் 15-க்கும் கீழே இறங்கிவிடும். ரெகுலேட்டர் மூச்சு வாங்கும், நம் குரலோடு "ஹம்" சத்தமும் சேர்ந்து போகும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். இதைச் சமாளிக்கும். எடையும் சூடும் குறைவு. ஆனால் மலிவான எஸ்.எம்.பி.எஸ். ரிசீவரில் இரைச்சல் போடும். அதனால் கடையிலேயே ரேடியோவை மாட்டி, பேண்ட் முழுக்கச் சுற்றிக் கேட்டுவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். பழைய கம்ப்யூட்டர் சப்ளையைப் பிரித்து மாற்றிக்கொள்ள நினைக்கும் ஜூனியர் தம்பிகளே, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டி.சி. நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். தெரிந்த சார் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

எந்த வகை ஆனாலும் ஒன்று கட்டாயம். லீனியர் சப்ளையின் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால், உள்ளே இருக்கும் 20 வோல்ட்டோ 25 வோல்ட்டோ அப்படியே ரேடியோவுக்குள் பாயும். ஆம்ப்ளிஃபையர், செட் இரண்டும் ஒரு நொடியில் காலி. வோல்ட் 15, 16-ஐத் தாண்டியதும் ஒரு எஸ்.சி.ஆர். குறுக்கே விழுந்து ஃபியூஸை எரித்துவிடும் "க்ரோபார்" சர்க்யூட் இதற்குத்தான். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வயரையும் மறக்காதீர்கள். சப்ளையிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஆம்ப்ளிஃபையர் இருந்தால், போக வர 6 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் போனால் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட் அளவோடு தப்பிக்கலாம்.

நம் லேபிலேயே சோதிக்கலாம்

விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. வண்டி ஹெட்லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் 55 வாட் பல்ப் ஒன்று ஏறத்தாழ 4.5 ஆம்பியர் இழுக்கும். நாலு பல்ப் என்றால் 18, ஐந்து என்றால் 22. ஒவ்வொன்றாக மாட்டுங்கள். குளிர்ந்த ஃபிலமென்ட் முதலில் அதிகம் இழுக்கும், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் சப்ளை பயந்து நின்றுவிடும். அரை மணி நேரம் எரியவிட்டு, வோல்ட்மீட்டரில் 13.8 இறங்குகிறதா, சி.ஆர்.ஓ.வில் ரிப்பிள் தெரிகிறதா, ஹீட் ஸிங்க் எவ்வளவு கொதிக்கிறது என்று பாருங்கள். டிப்ளமா படிக்கும் நமக்கு இதைவிட நல்ல பிராக்டிகல் ஏது?

ஆம்ப்ளிஃபையரே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. எஃப்.எம்.-மில் சிக்னல் விளிம்பில் இருக்கும்போது இரண்டு மூன்று டெசிபல்கூட புரியாத பேச்சைப் புரியவைக்கும் என்பது உண்மை. எஸ்.எஸ்.பி.யில் தொலைதூரம் முயல்பவர்களுக்கும் அது தேவை. வாங்கும் காலம் வரும்போது நாலு விஷயம் பாருங்கள்.

ஒன்று, எஃப்.எம்.-முக்கு மட்டும் என்றால் கிளாஸ் சி போதும், எஸ்.எஸ்.பி.யும் பேச வேண்டும் என்றால் லீனியர்தான் வேண்டும். இரண்டு, எத்தனை வாட் உள்ளே விடலாம் என்பது. மிட்சுபிஷியின் ஆர்.ஏ.60எச்1317எம் மாட்யூல் 50 மில்லிவாட் வாங்கி 60 வாட் தரும். அதில் நேராக 5 வாட் கையடக்க செட்டை மாட்டினால் மாட்யூலுக்குச் சங்குதான்! நடுவில் 20 டெசிபல் அட்டெனுவேட்டர் வேண்டும். மூன்று, லோ பாஸ் ஃபில்டர். விண்வெளி நிலையத்துக்கு 145.990-ல் பேசி 437.800-ல் கேட்க வேண்டும். 145.990-ஐ மூன்றால் பெருக்குங்கள், 437.970! ஃபில்டர் சரியில்லாவிட்டால் நம் காதை நாமே அடைத்துக்கொள்வோம். நாலு, ஆன்டெனா கழன்றாலோ எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினாலோ தானாக அடங்கும் பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, லைசென்ஸில் குறித்த வாட் அளவைத் தாண்டக் கூடாது.

புயல் வந்தால்?

நாம் ஹாம் மன்றம் வைத்திருப்பது பெருமைக்கு மட்டுமா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாளில் 230 வோல்ட் ஏது? பேட்டரிதான் தெய்வம். 65 ஆம்பியர் ஹவர் லாரி பேட்டரியில் பாதியை எடுக்கலாம் என்று வைத்தால், 20 ஆம்பியர் இழுக்கும் நூறு வாட் நிலையம் ஒன்றரை மணி நேரப் பேச்சில் படுத்துவிடும். 25 வாட் செட் மட்டும் என்றால் ஐந்து மணி நேரம். யாருக்கோ மருந்து வேண்டும் என்று சேதி சொல்லும் வேளையில், அந்த மூன்றரை மணி நேரம் எவ்வளவு பெரிசு என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்றே மூன்றுதான். தொடர்ந்து 25 ஆம்பியர் தரும், பாதுகாப்புள்ள ஒரு சப்ளை. 30 மீட்டர் ஆர்.ஜி.-213 கேபிள். ஒரு நல்ல பேட்டரி. காசு மிஞ்சினால் அடுத்த வருஷக் கமிட்டி ஆம்ப்ளிஃபையரைப் பற்றி முடிவு செய்யட்டும். அஸ்திவாரம் போட்டு வைத்தால், மாடி கட்டுவது அவர்களுக்குச் சுலபம்.

மூன்றாம் ஆண்டு நண்பர்களே, ஏப்ரலுக்கு அப்புறம் நாம் ஆளுக்கொரு திசை. அந்த மேஜையில் உட்காரப்போவது நம் ஜூனியர்கள். அவர்கள் கையில் எரிந்துபோன பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறோமா, இல்லை பத்து வருஷம் உழைக்கும் நிலையத்தைக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறோமா? கை தூக்குமுன் ஒரு நிமிஷம் கணக்குப் போடுங்கள்!

— மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் மாணவன்