கடைசி ஆளின் கணக்கு

இங்கிலாந்தின் மேற்குக் கரையில், ஐரிஷ் கடலோரம் செயின்ட் பீஸ் என்றொரு கிராமம் இருக்கிறது. கிழக்குக் கரையில் வட கடலைப் பார்த்தபடி ராபின் ஹுட்ஸ் பே இருக்கிறது. இந்த இரண்டையும் இணைத்து ஆல்ஃபிரட் வெயின்ரைட் 1973-இல் தன் கையேட்டில் வரைந்துகாட்டிய பாதைதான் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’. லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷயர் டேல்ஸ், நார்த் யார்க் மூர்ஸ் ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களின் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சென்று, நாட்டைக் குறுக்காகக் கடக்கிறது. நடந்து போகிறவர்கள் இதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். தனியாக ஓடிய தேர்ந்த வீரர்கள் 40 மணி நேரத்துக்குள் முடித்ததும் உண்டு. இரண்டுக்கும் நடுவில், எட்டுப் பத்துப் பேர் கூடி எட்டு நாளில் ஓடிக் கடப்பது என்பது மாரத்தானில் பழகிய எந்தக் குழுவுக்கும் வரக்கூடிய, மதிக்கத்தக்க ஆசை. ஆனால் திட்டம் போட உட்காரும்போது பெரும்பாலான குழுக்கள் தங்கள் சராசரி வேகத்தை எடுத்து, மொத்தத் தூரத்தை நாட்களால் வகுத்துவிடுகின்றன. அங்கேயே பிழை தொடங்கிவிடுகிறது. குழுவில் கடைசி ஆள் ஒவ்வொரு மாலையும் எத்தனை மணிக்கு வந்து சேர்வார் என்பதுதான் முதலில் போட வேண்டிய கணக்கு. தங்குமிடம், சாப்பாடு, உடை, வண்டி, தேதி எல்லாம் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 37 கிலோமீட்டர்தான், மாரத்தானைவிடக் குறைவு என்று தோன்றும். மலை அப்படி வகுபடாது. வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இலேயே இதற்கு ஒரு விதி சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கில் சமவெளியில் 30 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரம். அதே தூரத்தில் 1,500 மீட்டர் ஏற்றம் இருந்தால் எட்டரை மணி நேரம். நடப்பவர்களுக்குச் சொன்ன விதி இது; ஓடுகிறவர்களுக்கு எண்கள் குறையலாம், விகிதம் பெரிதாக மாறாது. இறக்கத்தை அந்த விதி கணக்கில் எடுக்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லேக் டிஸ்ட்ரிக்ட்டின் ஈரப் பாறைகளில் ஒருவர் துள்ளி இறங்குவார், இன்னொருவர் கையை ஊன்றி ஊன்றி இறங்குவார். சமவெளியில் ஐந்து நிமிடமாக இருந்த இடைவெளி அங்கே முக்கால் மணி நேரமாக விரியும். அந்த இடங்களில்தான் மழையும் அதிகம். பாதை போகும் பாரோடேல் பள்ளத்தாக்கில் உள்ள சீத்வெய்ட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே மிக அதிக மழை பெய்யும் ஊர். அதற்குக் கிழக்கே பாதையின் மிக உயரமான இடமான கிட்ஸ்டி பைக், 780 மீட்டர் உயரத்தில், காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. ஆகவே முதல் மூன்று நாட்களுக்குத் தூரத்தைக் குறைத்து, பாதையில் பின்னர் வரும் ரிச்மண்டுக்கும் இங்கிள்பி கிராஸுக்கும் இடையிலான சமவெளியில் அதை ஈடுகட்டுவதே நியாயமான பங்கீடு.

இடைவெளி விரிந்தால் என்ன, வேகமானவர்கள் காத்திருக்கட்டுமே என்று கேட்கலாம். காத்திருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மலையில் ஓடுகிறவர் மெல்லிய உடையில் போகிறார். அவரைச் சூடாக வைத்திருப்பது அவருடைய ஓட்டமே. நின்றதும் அந்தச் சூடு போய்விடும், வியர்வையில் நனைந்த சட்டை மட்டும் மிஞ்சும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டனர். ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் திடீரென்று வந்து 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் அந்த நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் இருந்தார். காற்றைத் தடுக்கும் மேலுடை கட்டாயப் பட்டியலில் இல்லை. பலர் அரைக்கால் சட்டையோடு ஓடினார்கள். வாகனம் ஏற முடியாத மலைப்பகுதியில் உதவி சேர நேரமாயிற்று. ஆடு மேய்க்கும் ஒருவர் தன் குகை இருப்பிடத்துக்குக் கொண்டுபோய் ஆறு பேரைக் காப்பாற்றினார். அது போட்டி, நாம் பேசுவது நண்பர்களின் பயணம் என்ற வேறுபாடு உண்மைதான். ஆனால் உடல் வெப்பம் தாழ்ந்துபோவதற்கு அந்த வேறுபாடு தெரியாது. உடல் தகுதி ஒருவரைக் குளிரிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையை அந்த ஒரு பிற்பகல் உடைத்துவிட்டது. கணவாயில் காத்து நிற்கும் வேகமானவரும், கீழே தனியாக வழி தேடும் மெதுவானவரும் ஒரே நேரத்தில் ஆபத்தில் இருக்கிறார்கள். இருவரையும் அங்கே நிறுத்தியது சராசரியை வைத்துப் போட்ட திட்டம்.

அப்படியானால் சமமான வேகம் உள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரே நாள் ஓட்டத்துக்குத்தான் அது பொருந்தும். தொடர்ந்து எட்டு நாள் ஓடும்போது, முதல் நாள் முன்னால் போனவரே ஐந்தாம் நாள் கணுக்கால் வீங்கிப் பின்தங்குவார். ஒருவருக்கு வயிறு ஒத்துழைக்காது, இன்னொருவருக்குக் கொப்புளம் உடையும். இறக்கத்தில் பாய்ந்தவரின் தொடைத் தசைதான் முதலில் இறுகிப்போகும். ‘கடைசி ஆள்’ என்பது ஒருவரின் பெயர் அல்ல. குழுவில் ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு நாள் தேடிவரும் நிலை. அதனால் கடைசி ஆளுக்காகத் திட்டமிடுவது பலவீனமான ஒருவருக்குச் செய்யும் சலுகை ஆகாது, எல்லோரும் தங்களுக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடுதான். குழுவினர் இதைப் புறப்படும் முன்பே வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும். பேசாவிட்டால், வலியோடு இருப்பவர் மற்றவர்களுக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்று அதை மறைப்பார். மறைத்த வலி மலைமேல்தான் வெளியே வரும்.

வேகமானவர்களின் மனக்குறையையும் ஒதுக்கிவிட முடியாது. காசும் விடுப்பும் செலவழித்து வந்தவர் எட்டு நாளும் கடிவாளம் போட்டதுபோல் ஓட வேண்டுமா? வேண்டாம், அதற்கு வழி இருக்கிறது. மெதுவாகப் போகிறவர்கள் விடியற்காலையில் முதலில் புறப்படட்டும். வேகமானவர்கள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பட்டும். ஜூன் மாதத்தில் அங்கே பகல் வெளிச்சம் ஏறத்தாழ 17 மணி நேரம் நீடிக்கிறது என்பதால் இதற்குத் தாராளமாக இடம் உண்டு. வேகமானவர் தன் வேகத்தில் ஓடலாம். அதைவிட முக்கியம், முன்னால் போனவர்களில் யாராவது கால் பிசகி உட்கார்ந்திருந்தால், குழுவின் வலுவான கால்கள் பின்னாலிருந்து அவரிடம் வந்து சேரும். வழக்கமான முறையில் வலுவானவர்கள் எட்டாத தூரத்தில் முன்னே போயிருப்பார்கள். உதவ வேண்டியவர் திரும்பி ஏறி வர வேண்டும். எந்த வரிசையில் போனாலும் ஒருவரும் தனியாகப் போகக் கூடாது. இங்கிலாந்தின் மலை ஓட்டப் பந்தயங்களில் கேட்கப்படும் மழைத் தடுப்பு மேலுடை, காலுடை, வரைபடம், திசைகாட்டி, விசில், உணவு ஆகியவை ஒவ்வொருவர் முதுகிலும் இருக்க வேண்டும். ‘அவனிடம் இருக்கிறது’ என்ற பொருள், அவன் இரண்டு மேடு தள்ளி இருக்கும்போது யாரிடமும் இல்லாததுதான்.

கைப்பேசி இருக்கும்போது இவ்வளவு கவலை எதற்கு என்பவர்களும் உண்டு. லேக் டிஸ்ட்ரிக்ட்டின் ஆழமான பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. குளிரிலும் மழையிலும் பேட்டரியும் தொடுதிரையும் நம்பத்தக்கவை அல்ல. ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊதும் பழைய அபாய அறிவிப்பு இன்றும் அங்கே வழக்கில் இருப்பது அதனால்தான். அழைப்பு கிடைத்தாலும் வருகிறவர்கள் மலை மீட்புக் குழுக்களின் தன்னார்வலர்கள். சம்பளம் வாங்காமல், வேலையையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு ஏறி வருகிறவர்கள். காப்பாற்றியதற்குப் பணம் கேட்பதும் இல்லை. அவர்களின் நல்ல மனத்தை நம் அவசரத்துக்கான காப்பீடாக எண்ணுவது முறையல்ல. கூடவே வரும் வண்டியும் எல்லாவற்றுக்கும் விடை அல்ல. ஓடுகிறவர் கணவாய் வழியாக நேராகக் கடக்கும் மலையை வண்டி சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். மேலே ஒருவர் அடிபட்டால் வண்டியால் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு நாள் திட்டத்திலும் பாதி வழியில் இறங்கிச் சாலையைத் தொடும் பாதைகள் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். எங்கிருந்து வீடு திரும்பலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செட்டில்–கார்லைல் ரயில் பாதையில் உள்ள கர்க்பி ஸ்டீபனிலும், கடைசிக் கட்டத்தில் குரோஸ்மான்டிலும் ரயில் கிடைக்கும்.

இவ்வளவு கணக்குப் போட்டால் பயணத்தின் சுதந்திரம் போய்விடும் என்ற மறுப்பில்தான் எனக்கு அதிக மரியாதை. வெயின்ரைட்டே தன் பாதையை அப்படியே பின்பற்ற வேண்டாம், அவரவர் வழியை வகுத்துக்கொள்ளுங்கள் என்று ஊக்குவித்தவர். ஆனால் திட்டத்தில் இடைவெளியே இல்லாத குழுவுக்குத்தான் சுதந்திரம் இல்லை. அன்றிரவு 40 கிலோமீட்டருக்கு அப்பால் படுக்கை பதிவாகியிருந்தால், மூடுபனி இறங்கும்போதும் மேலேறித்தான் ஆக வேண்டும். இந்தப் பாதையிலேயே வழி மாற்றிப் போக வேண்டியிருந்த இடமும் உண்டு. கர்க்பி ஸ்டீபனுக்குக் கிழக்கே நைன் ஸ்டாண்டர்ட்ஸ் மேட்டின் கறுத்த சதுப்பு மண் மிதிபட்டு அரிக்கப்படுவதால், பருவத்துக்கு ஒன்றாக மூன்று வெவ்வேறு வழிகள் குறிக்கப்பட்டு வந்தன. பத்து ஜோடிக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும்போது அங்கே குறிக்கப்பட்ட வழியை விட்டு விலகாமல் போவது இன்னும் அவசியம்.

எட்டு நாள் ஓட்டத்துக்கு ஒன்பது நாள் பதிவு செய்வதே சரி. ஓர் இரவுக்கான கூடுதல் செலவு பத்துப் பேருக்கும் உறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த இரவு இல்லாவிட்டால், முழங்கால் வலியோடு இருப்பவர் மறுநாள் ஓடலாமா வேண்டாமா என்பதை விடுதியின் பணம் திரும்பாத ரசீதுதான் முடிவுசெய்யும். அந்தக் கூடுதல் நாளை முடிவில் வைக்கக் கூடாது. கடினமான மலைகள் முடிந்ததும் கர்க்பி ஸ்டீபனில் வைக்க வேண்டும். கடையும் ரயிலும் உள்ள ஊர். ஓய்வு வேண்டாம் என்றால் வேகமானவர்கள் அன்று சுமையில்லாமல் சுற்றுமலைகளில் ஓடிவிட்டு வரலாம். அடுத்து வரும் கெல்ட், பாதையின் ஏறத்தாழ நடுவில் இருக்கும் மிகச் சிறிய கிராமம். பத்துப் பேருக்கு ஒரே இரவில் படுக்கை கிடைப்பது அங்கே எளிதல்ல. அதனால் முதலில் கெல்டில் இடம் கிடைக்கும் தேதியைக் கேட்டு, அதிலிருந்து மேற்கே செயின்ட் பீஸ் வரையும் கிழக்கே ராபின் ஹுட்ஸ் பே வரையும் நாட்களை எண்ணி, பிறகுதான் விமானச் சீட்டு வாங்க வேண்டும்.