தயிரும் பாதரசமும்

கிருமி என்ற மாத்திரத்திலேயே அதைக் கொல்லும் மருந்தைத் தேடிப் பழகிவிட்ட நமக்கு, குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுள் சில, ஆகாரத்தோடு உள்ளே வரும் விஷ உலோகங்களைத் தம் மேலுறையில் பற்றி நிறுத்தி, அவை இரத்தத்தில் கலவாதபடி தடுக்க வல்லவை என்ற செய்தி விந்தையாகவே தோன்றும்.

டான்சானியா நாட்டின் விக்டோரியா ஏரிப் பிரதேசத்தில், பொன் எடுக்கும் ஏழைத் தொழிலாளர் பொடித்த கல்லில் பாதரசத்தை வார்த்துக் கையாலேயே பிசைந்து, பொன்னோடு திரண்ட உருண்டையைத் திறந்த நெருப்பில் வாட்டுகின்றனர். ஆவியாய்ப் போன பாதரசம் மண்ணிலும் நீரிலும் படிந்து மீனின் உடலில் ஏறுகிறது. கரை மணலில் பரப்பி உலர்த்தும் 'டகா' என்ற பொடிமீனே அங்குள்ள எளியவர்களின் நித்திய உணவு. ஏரிக்கரை நகரமாகிய முவான்சாவில், கனடா தேச விஞ்ஞானிகளும் உள்ளூராரும் சேர்ந்து, லாக்டோபாசில்லஸ் இனத்து நுண்ணுயிர் ஒன்றை உறையோடு சேர்த்த தயிரைக் கொண்டு பரிசோதனை நடத்தி, 2014இல் அதன் முடிவை வெளியிட்டனர். பங்குகொண்ட 60 கர்ப்பிணிகளுள் அத்தயிரை உண்டவர்களுக்கு, இரத்தத்தில் பாதரசமும் ஆர்சனிக்கும் மேலும் ஏறாதபடி ஓரளவு காப்புக் கிடைத்தது. சிசுவின் மூளையைத் தாக்கும் விஷம் பாதரசம் என்பதை நினைத்தால், மலிவான ஒரு கிண்ணத் தயிர் செய்த இந்த உபகாரம் சாமானியமானதன்று. இத்தகைய ஆராய்ச்சிக்கு அரசுகள் தாராளமாய்ப் பொருளுதவி செய்ய வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும், குடல் நுண்ணுயிர்கள் எப்பொழுதும் நமக்கு அனுகூலமாகவே நடப்பவை அல்ல. 2008இல் சீனாவில் குழந்தைப் பால்மாவில் மெலமைன் என்ற இரசாயனப் பொருளைக் கலந்த கொடுமைக்குப் பின், எலிகளிடம் செய்த சோதனையில், அந்த மெலமைனை வேறொரு பொருளாக மாற்றிச் சிறுநீரகக் கல்லை அதிகப்படுத்தியவை குடல் நுண்ணுயிர்களே என்று கண்டனர். முவான்சாவிலும், 25 நாள் கவனிக்கப்பட்ட 44 பள்ளிப் பிள்ளைகளிடம் தயிரின் பலன் ஐயமற நிரூபணமாகவில்லை. ஆகவே, தயிர் இருக்கிறதே என்று பாதரசத்தை ஏரியில் ஓடவிடுவது எவ்விதத்திலும் நியாயமாகாது. 2013இல் ஜப்பானில் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, இத்தகைய சிறு சுரங்கங்களில் பாதரசப் பிரயோகத்தைக் குறைக்கவும், இயன்றவிடத்து ஒழிக்கவும் தேசங்களைக் கடமைப்படுத்துகிறது. அதை ஏற்ற அரசுகள், பாதரசமின்றிப் பொன் பிரிக்கும் கருவியும் பயிற்சியும் அத்தொழிலாளரின் கைக்கு எட்டும்படி இனியேனும் செய்ய வேண்டும்.