மாதம் ஒன்பது
அனுமந்தை சுங்கச்சாவடியைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அவ்வப்போது ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர் கண்ணில் படும், தாய்மாமன்கள் பெயரோடும் கட்சித் தலைவர் படத்தோடும். ஊருக்கே சொல்லியாயிற்று, அந்தப் பிள்ளையிடம் அவள் உடம்பைப் பற்றி யாராவது பேசினார்களா என்றுதான் எனக்கு யோசனை ஓடும். அரசு சும்மா இல்லை. 2011-இல் அறிவித்த ‘புதுயுகம்’ திட்டம் நாட்டுக்கே முன்னோடி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: 10 முதல் 19 வயது வரையான கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின். கணக்குப் போட்டால் மாதம் 9. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்பது பாடம். அப்படி மாற்றினால் ஐந்து நாளுக்கு 20 வேண்டும். பாடம் ஒன்று சொல்ல, பாக்கெட் வேறொன்று சொன்னால் பிள்ளை எதைக் கேட்கும்? மீதியைக் கடையில் வாங்கலாம்தான், அம்மாவின் உப்பளக் கூலி ஒழுங்காக வரும் மாதங்களில். உப்பளத்தில் அந்த அம்மாவின் பாடு வேறு. பாத்திகளுக்கு நடுவே ஒதுங்க மறைவு ஏது? தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, அடக்கிக்கொண்டு வேலை பார்த்தவர் மகளுக்கும் அதைத்தானே சொல்லித்தருவார். கிராம சுகாதார செவிலியர் பிள்ளைகளுக்கு நடத்தும் அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடட்டும். மழை மாதங்களில் உப்பளம் ஓய்ந்திருக்கும், அம்மா வீட்டில்தான் இருப்பார்.