விற்பதா, வைத்திருப்பதா?



"அப்பா வாங்கின மேஸி பெர்குசனுங்க. ரெண்டு மழைக்காலமா ஓட்டாமலே நிக்குது. பையன் எடைக்குப் போடுங்கறான், அம்மா வேண்டாங்கறாங்க. வித்துப் போடலாமுங்களா, வெச்சுக்கலாமுங்களா?" நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் நிலவள வங்கிக் கடனில் டிராக்டர் வாங்கிய பல குடும்பங்களில் இன்று இதே பஞ்சாயத்துதான்.

அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. மேஸி சாதாரண வண்டியல்ல. பின்னால் கலப்பையைக் கோத்துத் தூக்கும் மூன்று கை அமைப்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன். 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததே பெர்குசன் டிராக்டர்களில்தான். அந்த வம்சத்து வண்டியை 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனம் சென்னையிலேயே தயாரித்தது. ஆனால் இந்தப் பெருமையெல்லாம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செல்லாது. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கென்று 2021-ல் வந்த பாரம்பரிய வாகன விதி கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும்தான். உழுத வண்டிக்கு அதில் இடமில்லை. பதினைந்து வருடம் முடிந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஆகவே வயதை விட்டுவிடுங்கள். இந்தத் தைக்கு அதற்கு உங்கள் காட்டில் வேலை இருக்கிறதா? அதை மட்டும் பாருங்கள். மஞ்சள் போட்டிருந்தால் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலத்தில் விரலியோ உருண்டையோ பனங்காளியோ, எதற்கும் பாலிஷ் ஏறினால்தான் பார்வை, பார்வை இருந்தால்தான் விலை. பாலிஷ் டிரம்மைச் சுற்ற ரோட்டில் ஓடும் வண்டி தேவையில்லை. நின்ற இடத்தில் பி.டி.ஓ. ஷாஃப்ட் ஒழுங்காகச் சுற்றினால் போதும். டயர் தேய்ந்ததும் ஸ்டீயரிங் ஆடுவதும் அங்கே ஒரு குறையே இல்லை. புது வண்டியை அந்தத் தூசியில் நாள் முழுக்க நிறுத்துவதைவிட இதுவே மேல் என்பது என் கட்சி.

பட்டறைக்குப் போகுமுன் ஆயில் கேஜைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டார்ட் ஆகி, பிரீதர் குழாயில் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், லைனர் செலவு. இரண்டும் இல்லையென்றால் வைத்துக்கொள்ள யோசிக்கலாம். மேஸிக்கு உதிரிபாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் அகப்படுவார். பழைய எச்.எம்.டி. வைத்திருப்பவர்கள்தான் பாவம். அந்த டிராக்டர் பிரிவையே மூடிவிட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்துவிட்டது.

மஞ்சளும் இல்லை, இழுக்க டிரெய்லரும் இல்லையென்றால் விற்றுவிடுங்கள். ஆனால் எடைக்குப் போடாதீர்கள். அதே மாடல் ஓட்டுகிற ஒருவருக்கு முழு வண்டியாகக் கொடுத்தால் கியர்பாக்ஸ் ஒன்றுக்கே அவர் மகிழ்ந்து போவார். அதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கடன் எப்போதோ தீர்ந்திருக்கும், வங்கியின் பெயர் மட்டும் அதில் அப்படியே உட்கார்ந்திருக்கும். தடையில்லாச் சான்று வாங்கி அதை நீக்கினால்தான் பெயர் மாற்ற முடியும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் நீங்களும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ ஓட்டி இடித்ததற்கு உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

முடிவெடுக்காமல் புளியமரத்தடியில் விட்டுவைப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வானம் பார்த்த சைலன்சர் வழியே மழைத்தண்ணீர் இறங்கி, பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பிறகு விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. குடும்பத்தில் பேசி முடிக்க நாளாகுமென்றால் இன்றைக்கே ஒரு தகர டப்பாவை சைலன்சர்மேல் கவிழ்த்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பழைய வண்டியை என்ன செய்தீர்கள்? எழுதுங்கள். படம் இருந்தாலும் அனுப்புங்கள், நம்பர் பலகையை மட்டும் மறைத்துவிட்டு.

அன்புடன்,
ஆசிரியர்