குடவோலை ஊரில் இருளர்களுக்கு காட்டு உரிமை எப்போ?

உத்திரமேரூர்:

உத்திரமேரூர் என்றாலே கல்வெட்டுதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் கி.பி. 920-ல், குடவோலை போட்டு சபைக்கு ஆள் எடுக்கும் விதியை கோவில் சுவரில் வெட்டி வைத்த ஊர். இந்த ஊரைச் சுற்றி ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் குடிசை போட்டிருக்கும் இருளர்களுக்கு இன்றைக்கும் ஒரு சபைதான் வழி. அது கிராம சபை.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை நம்பி வாழும் பழங்குடிக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்தில் அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. தேன், கிழங்கு, மூலிகை எடுத்து விற்கவும் உரிமை உண்டு. மனுவை யாரிடம் கொடுப்பது? கலெக்டரிடம் இல்லை, ரேஞ்சரிடமும் இல்லை. கிராம சபை போடும் வன உரிமைக் குழுவிடம்தான். அங்கே தீர்மானம் போட்ட பிறகுதான் கோட்டக் கமிட்டிக்கும், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கமிட்டிக்கும் போகும்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் ரொம்ப நாள் தூங்கியது. 2008-ல் சென்னை ஐகோர்ட்டு போட்ட உத்தரவால், கோர்ட்டு அனுமதி இல்லாமல் உரிமைப் பத்திரம் தர முடியவில்லை. 2016-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கியது. எட்டு வருஷம் போச்சு!

நம்ம பக்கம் இன்னொரு சிக்கலும் இருக்கு. காட்டுக்குள் குடியிருப்பவர்கள் குறைவு. ஏரிப் புறம்போக்கில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் உதவாது, வருவாய்த்துறையிடம் மாற்று இடத்தில் மனைப்பட்டாதான் கேட்க வேண்டும். எதைக் கேட்டாலும் முதலில் ஜாதிச் சான்று. அதைத் தருவது ஆர்.டி.ஓ. அப்பாவின் சான்று எங்கே என்று கேட்டால், வேலை தேடி ஊர் ஊராகப் போன குடும்பம் என்னத்தைக் காட்டும்?

நிலமும் சான்றும் இல்லாதவன் முன்பணத்தில் மாட்டுகிறான். 2019 ஜூலையில் காஞ்சீபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 40-க்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர்கள்தான்.

காட்டுத் தொழிலை சட்டப்படி செய்து பிழைக்கவும் முடியும். அதற்கு சாட்சி வடநெம்மேலி. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் படுத்தது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் வந்தது. அப்போது நம்ம மாவட்டம், 2019 முதல் செங்கல்பட்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு இந்த விஷம்தான் போகிறது. 2023-ல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி தர வேண்டும். அந்தக் காகிதம் தாமதமானால் அடுப்பு எரியாது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காட்டு நிலத்தில் இருப்பவர்கள் அங்கே மனு கொடுக்கலாம். இரண்டு ஆதாரம் போதும். அதில் ஒன்று, மனு போடாத ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமாகவும் இருக்கலாம். தீர்மானம் பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் கோட்டக் கமிட்டியில் அப்பீல் செய்யலாம்.