கொழு தோற்ற குன்றுகள்

அமெரிக்க நாட்டின் கான்சஸ் மாநிலத்தில் சேஸ் என்றொரு மாவட்டம் உண்டு. அதன் தலைமையூர் காட்டன்வுட் ஃபால்ஸ். 1873இல் அங்கு எழுந்த நீதிமன்ற மாளிகை, அம்மண்ணின் சுண்ணாம்புக்கல்லாலேயே கட்டப்பெற்றது.

ஊரைச் சூழ்ந்த ஃபிளின்ட் குன்றுகளைத் தொலைவிலிருந்து காண்போருக்கு அவை செதுக்கிய படிக்கட்டுகளாகவே தோன்றும். செதுக்கியது நீர். ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமற்ற கடல் பெருகியும் வற்றியும் சுண்ணாம்பையும் களிமண்ணையும் அடுக்கடுக்காகப் படியச் செய்தது. களிப்பாறை எளிதில் அரிப்புண்டு சரிவாயிற்று; சுண்ணாம்புப் பாறை தாக்குப்பிடித்துப் படியாக நின்றது. அச்சுண்ணாம்பினுள் பொதிந்திருந்த சிக்கிமுக்கிக்கல்லோ மழைநீருக்கும் கரையாதது. தாய்ப்பாறை கரையக் கரைய, அது மட்டும் சில்லுசில்லாக மேற்பரப்பில் எஞ்சியது.

அந்தச் சில்லுகளே அந்நிலத்தின் காவல். 1837இல் ஜான் டியர் வடித்த எஃகுக் கலப்பையின் வழிவந்த கொழுக்கள் வளமான புல்வெளிகளையெல்லாம் கீறி முடித்தன. வட அமெரிக்காவில் ஏறத்தாழ 17 கோடி ஏக்கர் பரந்திருந்த நெடும்புல்வெளியில் இன்று எஞ்சியது நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி இக்குன்றுகளில்தான். காட்டன்வுட் ஆற்றின் வண்டல் சமவெளி உழவுக்குப் போயிற்று. மேட்டிலோ கொழு கல்லில் முட்டித் திரும்பியது; மாடுகள் மேய்ந்தன, புல் பிழைத்தது. மனிதரின் பெருந்தன்மையால் அது பிழைக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. 1996இல் தேசியக் காப்பிடமாக அறிவிக்கப்பெற்ற ஏறத்தாழ 11,000 ஏக்கரும், கல் முன்பே காத்துத் தந்த சொத்தே.

ஆயினும் ஏரைத் தடுத்த கல், மரத்தைத் தடுக்காது. இளவேனிலில் தீயிடாத மேடுகளில் செஞ்சீடர் மரங்கள் பரவி, புல்லின் மேல் நிழல் கவிக்கின்றன. மரம் எங்கும் நன்மையே என்று நம்புவோருக்கு இது கசக்கும். ஆள்மட்டத்தைக் கடந்து வளரும் அப்புல்லின் உயிர் ஆழ்ந்த வேரில் இருப்பதால், தீ அதைக் கொல்வதில்லை. முளைத்த சீடர்க் கன்றையே கொல்கிறது. காட்டெருமைகளை ஈர்க்க அம்மண்ணின் தொல்குடிகள் தீயிட்டு வந்த முறையையே இன்றைய மாட்டுப்பண்ணையாளரும் தொடர்கின்றனர்.

புகை தொலைநகரங்களின் மூச்சைத் திணறடிக்கிறது என்னும் முறையீடு மெய்யானது. காற்றின் திசையும் வேகமும் அறிந்து, நாள்களைப் பகிர்ந்து தீயிடுக. தீயையே விலக்கச் சட்டம் செய்யற்க. கரிந்த குன்றில் படிகள் வரிவரியாய்த் தெரியும் சில நாள்களுக்குள், சிக்கிமுக்கிச் சில்லுகளின் இடையே பசுந்தளிர் எழுந்துவிடுகிறது.