அடி தட்டுதா?



வத்தலகுண்டு பக்கமிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய டஸ்டர் கார் ஒன்று வாங்கியிருக்கிறாராம். நான்கு சக்கரமும் இழுக்கிற ஆல்-வீல் டிரைவ் மாடல். மலையடிவாரத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அடி தட்டுகிறது. “ஒன்றரை இன்ச் தூக்கிக் கொடுத்துடறேன் சார்” என்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில். செய்யலாமா என்பது அவர் கேள்வி. வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதையும் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்.

எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

கார் உள்ள வீட்டில் “அடி தட்டும், மெதுவா போங்க” என்று பின் சீட்டிலிருந்து குரல் வராத நாள் உண்டா? நத்தம் ரோடாகட்டும், வேடசந்தூர் பக்கமாகட்டும், பெரிய சாலையை விட்டு ஊருக்குள் திரும்பியதுமே வேகத்தடைகள் ஆரம்பித்துவிடும். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த கணக்குப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கினால் சிரமம் இருக்காது. நம் தெருக்களில் இருப்பவை அப்படியா இருக்கின்றன? ஜல்லியும் சிமென்டும் மிச்சமிருந்த நாளில் யாரோ போட்டவை. அகலம் ஒரு எட்டு, உயரம் போட்டவர் கோபத்தைப் பொறுத்தது!

அடுத்தது வீட்டு வாசல். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது, வீடு பள்ளத்துக்குப் போனது. சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால், அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள்? வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே சாக்கடை, அதன் மேல் செங்குத்தாக ஒரு சரிவு. அந்தச் சரிவின் முகட்டில்தான் வண்டியின் வயிறு உரசுகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. டஸ்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,673 மில்லிமீட்டர். வண்டியை ஓர் இன்ச் உயர்த்தினால், இப்படிப்பட்ட முகட்டை உரசாமல் தாண்டும் கோணம் ஏறத்தாழ இரண்டு டிகிரி கூடும். வெறும் இரண்டு டிகிரி! சில வாசல்களுக்கு அது போதும். பல வாசல்களுக்கு, வண்டியைச் சற்றுக் கோணலாக ஏற்றினாலே வேலை முடிந்துவிடும். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிவின் முகட்டைக் கொஞ்சம் மழுங்கடித்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வரும் எல்லா வண்டிக்கும் உதவும்.

சரி, தோட்டத்துப் பாதைக்கு வருவோம். சிறுமலை ஏறும் தார் ரோட்டில், 18 கொண்டை ஊசி வளைவுகளிலும், எந்தக் காரும் போகும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு ரோடும் அப்படித்தான். சோதனை தொடங்குவது தார் முடிகிற இடத்தில். மழைத் தண்ணீர் அரித்த வாய்க்கால், நடுவில் மேடு, மேட்டில் துருத்தும் கல். வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் ஏற்றிய ஜீப்புகள் ஆண்டாண்டாகப் பதித்த சக்கரத் தடம் அது. அதில் நம் கார் போனால் தட்டத்தானே செய்யும்?

டஸ்டர் ஒன்றும் தாழ்ந்த வண்டி இல்லை. 2012-ல் இந்தியாவில் அறிமுகமானது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாரித்தார்கள். ஆல்-வீல் டிரைவ் மாடல் வந்தது 2014-ல். சாதாரண டஸ்டருக்குத் தரை இடைவெளி 205 மில்லிமீட்டர், இதற்கு 210. பின்பக்க சஸ்பென்ஷனும் வேறு, மல்டிலிங்க் வகை. முதல் கியரைக் குட்டையாக வைத்திருந்ததால் ஏற்றத்தில் ஆமை வேகத்தில் அலுங்காமல் ஏறும். 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது டீசல் டஸ்டர் நின்றது, ஆல்-வீல் டிரைவும் அதோடு போயிற்று. ஆக, இன்று நம் கைக்கு வருவதெல்லாம் ஓடித் தேய்ந்த வண்டிகள்தான்.

விஷயமே இங்குதான் இருக்கிறது. அந்த 210 என்பது வண்டி புதிதாக இருந்தபோது இருந்த அளவு. இப்போது எவ்வளவு என்று யாராவது அளந்தார்களா?

இத்தனை வருஷம் பாரம் தாங்கிய ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியிருக்கும். மேலே உள்ள டாப் மவுன்ட் ரப்பர் நசுங்கியிருக்கும். ஷாக் அப்சார்பர் ஓய்ந்து போயிருந்தால், நிற்கும்போது சரியாகத் தெரிகிற வண்டிகூட பள்ளத்தில் இறங்கும்போது முழுசாக உட்கார்ந்துவிடும். டயரிலேயே கணக்கு இருக்கிறது. புது டயரின் பட்டன் சுமார் 8 மில்லிமீட்டர். அது 2 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் வண்டி 6 மில்லிமீட்டர் கீழே வந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாம் சேர்ந்தால்? இறங்கிப்போன வண்டியை வைத்துக்கொண்டு, உயர்த்தலாமா என்று கேட்கிறோம்!

சமதரையில் வண்டியை நிறுத்தி, டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நட்டநடுவிலிருந்து மேலே வீல் ஆர்ச் விளிம்பு வரை டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். இடமும் வலமும் வித்தியாசப்பட்டால், அல்லது பின்பக்கம் மட்டும் தொங்கினால், தேவை உயர்த்துவது அல்ல, பழுது பார்ப்பது.

அப்படியே குனிந்து அடியையும் பாருங்கள். எங்கே கீறல்? முன் பம்பரின் பிளாஸ்டிக் உதடா, ஆயில் சேம்பரா, சைலன்ஸரா? தெரிந்த ஒருவரின் வண்டி ‘டங்’ என்று தட்டிக்கொண்டே இருந்தது. ரேம்ப்பில் ஏற்றிப் பார்த்தால் சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் ஒன்று வெடித்து, ஒரு பக்கம் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. வளையத்தை மாற்றியதும் சத்தம் நின்றது. உயர்த்த வேண்டும் என்று முன்பணம்கூடக் கொடுத்து வைத்திருந்தார்!

சேம்பர்தான் அடி வாங்குகிறது என்றால், அதற்குக் கீழே நல்ல இரும்புத் தகடு போடுவது என் முதல் யோசனை. அசல் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டாப் மவுன்ட் மாற்றுவது இரண்டாவது. செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் போன உயரமும் திரும்பும், வண்டியின் நிதானமும் திரும்பும். யாரும் கேள்வி கேட்க முடியாது.

“இவ்வளவும் செய்துவிட்டேன், இன்னும் தட்டுகிறது” என்கிறீர்களா? அப்போது ஸ்பேசரைப் பற்றிப் பேசலாம்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடப்பது போல ஒரு காரியம் இது என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்ட்ரட்டின் தலைக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பேசர் என்கிற வளையத்தை வைத்தால் வண்டி உயர்ந்துவிடும், அவ்வளவுதானே? பாடி மட்டும் உயர்கிறது. சக்கரம் தரையிலேயே இருக்கிறது. நடுவில் இருக்கிற எல்லாமும் சாய வேண்டியிருக்கிறது.

ஆல்-வீல் டிரைவில் நான்கு சக்கரத்துக்கும் ஆக்ஸில் தண்டு போகிறது. தண்டுக்கு இரண்டு மூட்டு என்றால் எட்டு மூட்டு. ஒவ்வொன்றின் மேலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். தண்டு கூடுதலாகச் சாய்ந்தே ஓடினால் மடிப்புகள் ஒன்றையொன்று உரசும். பழைய ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே. வளைவில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் மூட்டு போய்விட்டது என்று பொருள். ஸ்பேசரில் மிச்சம் பிடித்த காசு அங்கே போகும்.

ஜீப் வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம். அவர்கள் வண்டியில் ஸ்பிரிங் பட்டைக் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் பாரம் தாங்கும், உயரமும் கூடும். ஆனால் அங்கேயும் ஒரு தந்திரம் இருக்கிறது. பாடி உயருமே தவிர, பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் உருண்டை அதே இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்த டயரால்தான் முடியும்.

டயரைச் சொன்னதால் ஒன்று. 215/65 ஆர்16 டயருக்குப் பதில் 215/70 போட்டால் 11 மில்லிமீட்டர் அளவுக்கு உயரம் கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 82-க்கு மேல் போவீர்கள். கம்பெனி அனுமதித்த அளவா என்று பார்த்துத்தான் போட வேண்டும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் பழசு என்ற சிக்கனம் ஆல்-வீல் டிரைவுக்கு ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி. விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

“ஆர்.சி.யில் தரை இடைவெளி என்று ஒரு கட்டமே இல்லையே?” என்று வாதாடுபவர்கள் உண்டு. சாமர்த்தியமான வாதம்தான். விபத்து நடந்த மறுநாள் இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் அதைச் சொல்லிப் பார்க்க நம்மில் யாருக்குத் துணிச்சல் வரும்? 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும் நாளும் வரும். எனவே ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தை போதாது.

இப்போது அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன்.

டஸ்டரின் சீட் ஏற்கெனவே உயரம்தான். கதவைப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்து, சேலையை ஒரு கையால் ஒதுக்கி, உடம்பை உந்தி ஏற வேண்டும். அதில் இன்னும் ஒன்றரை இன்ச் கூடினால், வலியுள்ள காலுக்கு அது நன்றாகவே தெரியும். “ஃபுட்ஸ்டெப் மாட்டிடலாம்” என்பார்கள். மாட்டலாம். ஆனால் அது பக்கவாட்டில் கீழே தொங்கி, மேட்டில் முதலில் தட்டுவதே அதுவாகத்தான் இருக்கும். உயர்த்திய லாபம் அதில் போய்விடும்!

மலைப் பாதை இன்னொரு கவலை. பாரம் மேலே போகப் போக வளைவில் சாய்வு கூடும். மேலே கேரியரில் சாமான் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். 18 வளைவிலும் பின் சீட்டில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினால், வாந்திக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாலத்தில் தண்ணீர் நிற்குமே, உயர்த்திய வண்டி தாண்டிவிடாதா என்றும் சிலர் கேட்பார்கள். தாண்டாது. இன்ஜின் காற்று இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஓர் இன்ச்சை நம்பித் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

ஆக, அந்த வாசகருக்கு என் பதில் இதுதான்: முதலில் அளந்து, பழுதைச் சரிசெய்யுங்கள். பிறகும் தட்டினால், அனுமதி கிடைத்தால், ஓர் இன்ச்சோடு நிறுத்துங்கள். ஒன்றரை வேண்டாம். தோட்டத்துக்கு வாரம் ஒரு முறை, அம்மாவோடு ஊர்ப்பயணம் தினசரி என்றால் அந்த ஓர் இன்ச்சும் வேண்டாம். தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம், அல்லது பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொள்ளலாம். அந்த வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறதே!

உயர்த்தியே தீருவது என்றால், வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுசாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் விறைப்பாக இழுபடுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்கான கம்ப்ரஸர் கருவி இல்லாத இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள், அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பாருங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

இன்னொன்று, பலரும் மறப்பது: ஹெட்லைட். முன்பக்கம் உயர்ந்தால் வெளிச்சமும் உயரும். எதிரே டூவீலரில் வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். வேலைக்கு முன்பு ராத்திரி வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, லோ பீமின் மேல் விளிம்பு சுவரில் எங்கே விழுகிறது, பல்ப் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சாக்பீஸால் குறித்துவையுங்கள். முடிந்த பிறகு அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பல்ப் ஓர் இன்ச் ஏறினால் வெளிச்சமும் ஓர் இன்ச் ஏறுவது நியாயம். அதற்கு மேல் ஏறியிருந்தால், லைட்டை இறக்கித் தந்த பிறகு மெக்கானிக்குக் காசு கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்